பாடுபவரே பதிபவராகவும் இருக்கும்போது: வீட்டுப் பதிவின் வேலைகளைப் பிரித்துக்கொள்ள நான்கு வழிகள்

சென்ற சித்திரை மாதத்தில் ஓரிரவு, பதினொன்றரை மணிக்கு மேல், வீட்டின் பின்னறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தம்புராவை மட்டும் ஹெட்போனில் ஒலிக்கவிட்டு ஒரு விருத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தேன். நான்கு டேக்குகள், அதாவது நான்கு முறை பாடிப் பதிந்தவை, சுமாராக வந்தன. குரலில் கீழ்ப்பகுதி சற்றுக் கூடுதலாக ஒலிப்பதாகத் தோன்றவே, அதிர்வெண்களைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்யூவைத் திறந்து பத்து நிமிடம் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு மைக் முன்னால் வந்து நின்று ஐந்தாவது முறை பாடியபோது, அன்று முழுவதும் பிடிபடாமல் இருந்த ராகம் தானாகவே வந்து அமர்ந்தது. பாடி முடித்துத் திரையைப் பார்த்தபோதுதான், குரலுக்கான பதிவுத் தடத்தில் (டிராக்கில்) பதிவுப் பொத்தானை மீண்டும் அமுக்காமலேயே பாடியிருக்கிறேன் என்பது தெரிந்தது. தம்புரா மட்டும் ஓடி முடிந்திருந்தது. ஆறாவது, ஏழாவது டேக்குகளில் அந்தப் பாட்டு திரும்ப வரவில்லை.

கருவி எதுவும் பழுதாகவில்லை; மென்பொருளிலும் கோளாறு இல்லை. பாடகராக இருக்க வேண்டிய நேரத்தில் நான் ஒலிப்பொறியாளராக மாறிவிட்டு, மீண்டும் பாடகராகத் திரும்பியபோது இடையில் ஒரு வேலையைத் தவறவிட்டேன். வீட்டில் பதிவு செய்யத் தொடங்கும் நண்பர்கள் எந்த மைக் வாங்குவது, மைக்கைக் கணினியோடு இணைக்க எந்த இன்டர்ஃபேஸ் வாங்குவது என்று கேட்கிறார்களே தவிர, இத்தனை வேலைகளை எந்த வரிசையில், யாரை வைத்துச் செய்வது என்று கேட்பதில்லை. அவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இரண்டாவது கேள்வியைத்தான் என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

ஒரு பாட்டு வீட்டில் உருவாவதற்குச் சுருதியையும் காலப்பிரமாணத்தையும் முடிவு செய்ய வேண்டும், மைக்கை இடம் பார்த்து வைத்து லெவல் சரிசெய்ய வேண்டும், பாட வேண்டும், பாடியவற்றில் எது நல்ல டேக் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், வெட்டி ஒட்ட வேண்டும், எல்லா டிராக்குகளையும் சமன்படுத்திச் சேர்த்து மிக்ஸ் செய்ய வேண்டும், வெளியீட்டுக்கு ஏற்றபடி இறுதியாக ஒலியைச் சீராக்கி மாஸ்டரிங் செய்ய வேண்டும், எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களிலாவது பத்திரப்படுத்த வேண்டும். ஸ்டூடியோவில் இவற்றைக் குறைந்தது மூன்று நான்கு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். வீட்டில் பாடுபவருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: எல்லாவற்றையும் தானே ஒரே அமர்வில் முடிப்பது, தானே செய்தாலும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி நாள் ஒதுக்குவது, பதியும் நேரத்தில் மட்டும் ஒருவரைக் கணினி முன் உட்கார வைப்பது, பதிவைத் தான் செய்துவிட்டு மிக்ஸிங்கையும் மாஸ்டரிங்கையும் வெளியில் கொடுப்பது.

இவற்றை எடைபோடுவதற்கு முன், நம் வீடுகளில் எது அரிதான பொருள் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பணம் இரண்டாம் இடத்தில்தான் வருகிறது. ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி முற்றிலும் இலவசம். ரீப்பர் மென்பொருளை அறுபது நாள் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம், தனிநபர் உரிமத்தின் விலை 60 டாலர். உண்மையில் அரிதாக இருப்பது அமைதி. காலையில் குக்கர் விசிலும் காக்கையும், பத்து மணிக்குக் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கியும், ஆடி மாதம் முழுவதும் அம்மன் கோயில் பாட்டும் உள்ள தெருவில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அமைதியாகக் கிடைத்தாலே பெரிது. அந்த இரண்டு மணி நேரத்திலும் மின்விசிறி ஓடக்கூடாது என்பதால், கோடையில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து காற்று வாங்கியே ஆக வேண்டும். இந்த வேலைகள் அனைத்திலும் அமைதியும் தெளிந்த தொண்டையும் தேவைப்படுவது பாடிப் பதிவதற்கு மட்டும்தான். வெட்டி ஒட்டுவதைக் குக்கர் விசிலுக்கு நடுவே, மின்விசிறிக்குக் கீழே, ஹெட்போன் மாட்டிக்கொண்டு செய்யலாம். ஆகவே ஒவ்வொரு வழியையும், அந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவைப் பாட்டுக்கு மிச்சம் வைக்கிறது என்ற அளவுகோலால்தான் அளக்கிறேன்.

முதல் வழி, அதாவது எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடிப்பது, இந்த அளவுகோலில் மிகவும் பின்தங்குகிறது. ஆனாலும் தொடக்கத்தில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். மனத்தில் ஊறிய பாட்டு அன்றிரவே முழு வடிவில் காதில் விழுவது பெரிய உற்சாகம் என்பதை நான் மறுக்கவில்லை. இதன் சிக்கலைக் கணினியே நமக்குச் சொல்லிவிடுகிறது. பாடும்போது நம் குரல் ஹெட்போனில் தாமதமின்றி வர வேண்டுமானால் கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபரின் அளவு 128 சாம்பிள் (ஒலியின் நுண்துண்டு) போலக் குறைவாக இருக்க வேண்டும்; வினாடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் 48 கிலோஹெர்ட்ஸில் அது மூன்று மில்லிவினாடிக்கும் குறைவு. மிக்ஸ் செய்யும்போதோ ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களான பிளக்இன்கள் பத்துப் பதினைந்து ஓடுவதால் பஃபரை 1024-க்கு உயர்த்த வேண்டியிருக்கிறது. அப்போது உள்ளே வரும் வழியில் மட்டும் ஏறத்தாழ 21 மில்லிவினாடி தாமதம் சேர்கிறது. ஒலி காற்றில் அந்த நேரத்துக்குள் ஏழு மீட்டர் கடந்துவிடும். தன் குரலையே ஏழு மீட்டர் தள்ளி நிற்பவரின் குரலாகக் கேட்டுக்கொண்டு ஒருவர் துரித கால ஸ்வரம் பாட முடியாது. இன்டர்ஃபேஸிலிருந்து குரலை நேரடியாகக் கேட்கும் வசதியைப் பயன்படுத்தி இதைச் சமாளிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பாடுவதற்கும் மிக்ஸிங்குக்கும் நடுவே மாறி மாறிப் போகும்போது இத்தகைய பத்து அமைப்புகளை நினைவில் வைத்திருக்க வேண்டும், அவற்றில் ஒன்று தவறினால் என் ஐந்தாவது டேக்கின் கதிதான் ஏற்படும்.

அதைவிடப் பெரிய இழப்பு காதில் நிகழ்கிறது. மூன்று மணி நேரம் ஹெட்போன் மாட்டிப் பாடிய காது களைத்துவிடுகிறது. களைத்த காதுக்கு உயர் அதிர்வெண்கள் மங்கலாகத் தெரிவதால், ஈக்யூவில் அவற்றைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடுகிறோம், மறுநாள் காலையில் கேட்கும்போது ‘ஸ’, ‘ச’ எல்லாம் ஊசியாகக் குத்துகின்றன. ஒலியளவைக் கூட்டி வைத்துக் கேட்டால் கீழ் அதிர்வெண்கள் கூடுதலாகக் காதில் விழும் என்பது 1933-இல் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்விலிருந்தே தெரிந்த செய்தி. இரவு உற்சாகத்தில் சத்தமாக வைத்து மிக்ஸ் செய்த பாட்டு பகலில் மெதுவாகக் கேட்கையில் மெலிந்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கெல்லாம் மேலாக, பாடிய உடனே அந்தப் பாட்டை மதிப்பிட நம்மால் இயலாது. எந்த இடத்தில் சிரமப்பட்டோமோ அந்த இடத்தில் மட்டுமே கவனம் போகிறது. கேட்பவருக்கு உறுத்தும் இடமோ பெரும்பாலும் வேறாக இருக்கிறது.

இரண்டாவது வழியில் ஆளும் ஒருவர்தான், செலவும் அதேதான். ஆனால் வேலைகள் நாட்களாகப் பிரிகின்றன. நான் பின்பற்றும் ஒழுங்கு இது. சுருதி, வேகம், தம்புரா, தாளத்துக்குத் தட்டும் கிளிக் ஒலி எல்லாவற்றையும் முதல்நாள் பகலிலேயே கோப்பில் அமைத்து, டிராக்குகளுக்குப் பெயரிட்டு, பத்து வினாடி பேசிப் பதிந்து சரிபார்த்து மூடிவிடுகிறேன். லெவலை மிக உரக்கப் பாடும் இடத்தில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்குமாறு வைத்தால் போதும். 24 பிட்டில் பதியும்போது அதைவிட ஏற்ற வேண்டிய தேவை எதுவுமில்லை. இரவில் அமைதி கிடைத்ததும் கோப்பைத் திறந்து பாடுவது மட்டும்தான். அன்றிரவு ஈக்யூவையோ எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் அமைப்பையோ தொடுவதில்லை என்பதை ஒரு விரதம்போல் வைத்திருக்கிறேன். டேக் தேர்வை இரண்டு நாள் கழித்துப் பகலில் செய்கிறேன். வெட்டி ஒட்டுவது அதற்கடுத்த நாள். மிக்ஸிங்கை ஒரு வாரம் போன பிறகே தொடங்குகிறேன், அதுவும் ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளாமல்.

இந்த ஒழுங்கில் பதியும் இரவுக்கு ஏன் இவ்வளவு முன்னுரிமை என்று ஒருவர் கேட்கலாம். அங்கே நேரும் பிழைகளைப் பின்னால் திருத்த முடியாது என்பதே காரணம், அதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். நம் நாட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் சார்ஜரிலிருந்தோ இன்வெர்ட்டரிலிருந்தோ கசியும் ரீங்காரம் 50, 100, 150 என்ற எண்களில் வந்து பதிவில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அவருடைய மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். நூறில் உள்ள ரீங்காரத்தை வடிகட்டப் போனால் பஞ்சமத்தின் அடித்தளமும் சேர்ந்தே போய்விடும். விட்டுவைத்தாலோ, சற்றுச் சுருதி ஏறிய வேறொரு பஞ்சமம் பாட்டு முழுவதும் கூடவே ஒலிக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவதுதான் பல வீடுகளில் இதற்குத் தீர்வு. பாடுவதற்கு முன் முப்பது வினாடி வெறும் அறையைப் பதிந்து கேட்டிருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அன்றிரவு பத்து வேலைகளைத் தலையில் சுமப்பவருக்கு அந்த முப்பது வினாடி கிடைப்பதில்லை.

நாட்களைப் பிரிப்பதில் ஓர் அபாயமும் இருக்கிறது: பாட்டு முடியாமலே போய்விடலாம். என் கணினியில் டேக் தேர்வோடு நின்றுபோன கோப்புகள் பல உள்ளன. உத்வேகம் ஆறியபின் எடிட்டிங் வெறும் கணக்கு வேலையாகத் தெரிகிறது. இதற்கு நான் கண்ட ஒரே மருந்து, பதியும் நாளன்றே மற்ற மூன்று நாட்களையும் காலண்டரில் குறித்துவைப்பதுதான். கோப்பின் பெயரில் பாட்டு, சுருதி, வேகம், தேதி நான்கும் இருக்கட்டும். மூன்று வாரம் கழித்துத் திறக்கும்போது, ‘புதியது இறுதி 2’ என்ற பெயர் எதையும் நினைவூட்டாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒற்றை டிராக் நிமிடத்துக்கு எட்டரை மெகாபைட்டுக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும்; ஐந்து நிமிடப் பாட்டுக்குப் பத்து டேக் என்றாலும் அரை ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே தேர்வு நாள் வரை எந்த டேக்கையும் அழிக்க வேண்டாம்.

மூன்றாவது வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. என் அனுபவத்தில் அதுவே மிகுந்த பலன் தருகிறது. பதியும் இரண்டு மணி நேரம் மட்டும், பாடாத ஒருவர் கணினி முன் உட்கார்ந்திருப்பது. அவருக்கு ஒலிப்பொறியியல் தெரிய வேண்டியதில்லை. பதிவுப் பொத்தான் சிவப்பாக இருக்கிறதா, லெவல் காட்டி சிவப்பைத் தொடுகிறதா என்று பார்க்கவும், ஒரு நோட்டில் டேக் எண்ணையும் குறிப்பையும் எழுதவும் தெரிந்தால் போதும். என் தங்கை அந்த வேலையைச் செய்யத் தொடங்கிய முதல் இரவே வித்தியாசம் தெரிந்தது. அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: ‘2 — தொடக்கம் நல்லா இருக்கு, இரண்டாவது அடியில் மூச்சு. 3 — நாய். 4 — முழுசா நல்லா இருக்கு, கடைசி வரி மட்டும் 2-ல் இருந்து.’ இரண்டு நாள் கழித்து நான் ஒன்றரை மணி நேரம் கேட்டு எடுத்த முடிவும் ஏறத்தாழ அதுவாகவே இருந்தது. பாடுகிறவருக்குக் கிடைக்கும் இன்னொரு நன்மையும் உண்டு: கேட்பதற்கு எதிரில் ஒருவர் இருக்கும்போது பாட்டு மாறுகிறது. கச்சேரியில் முன்வரிசையில் தலையாட்டும் ஒரு ரசிகர் என்ன செய்வாரோ, அதை அந்த அறையில் அவர் செய்கிறார்.

தனி ஆளாக வீட்டில் பதிந்ததாகப் புகழ்பெற்ற சில பதிவுகளின் பின்னாலும் இப்படி ஒருவர் இருக்கிறார். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் உள்ள வீட்டில், டாஸ்காம் நிறுவனத்தின் நான்கு டிராக் கேசட் கருவியில் பதிந்த பாடல்கள் 1982-இல் ஆல்பமாக வெளிவந்தன. கிட்டாரும் குரலும் அவருடையவை, ஆனால் அந்தக் கருவியை இயக்கியவர் அவருடைய கிட்டார்களைப் பராமரித்துவந்த பாட்லன். பாடியவர் பாட்டை மட்டும் பார்த்துக்கொண்டார். இந்த வழியின் குறை, ஆளைப் பிடிப்பதுதான். இரவு பதினொன்றுக்கு வாரந்தோறும் ஒருவரை உட்கார வைக்க முடியாது. அவருக்கும் மறுநாள் வேலை இருக்கும். ஆகவே மாதத்துக்கு ஓரிரவு என்று வைத்துக்கொண்டு, அன்று இரண்டு மூன்று பாடல்களைப் பதிவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

இங்கே ஒரு கிளைக் கேள்வியையும் தீர்க்க வேண்டும். பக்கவாத்தியங்களோடு பதிவதாக இருந்தால், எல்லோரும் ஒன்றாகப் பதிவதா, ஒருவர் பின் ஒருவராகப் பதிவதா? தாளக்கட்டோடு போகும் பாடலையோ மெல்லிசைப் பாடலையோ கிளிக் வைத்துத் தனித்தனியாகப் பதியலாம். அதனால் வேலைகள் எளிதாகப் பிரியும், ஓர் ஆளும் ஒரு மைக்கும் போதும். ஆலாபனையிலும் கல்பனாஸ்வரத்திலும் அது நடக்காது. வயலின்காரர் பாடகரின் வாயைப் பார்த்துக்கொண்டே பின்தொடர்கிறார், பாடகரும் அவர் கொடுத்த பதிலிலிருந்து அடுத்த ஸ்வரக் கோவையை எடுக்கிறார். இதைப் பிரித்துப் பதிந்தால் உரையாடல் போய் இரண்டு தனிப்பேச்சுகள்தான் மிஞ்சும். ஒன்றாகப் பதிந்தால் மிருதங்கம் குரல் மைக்குக்குள்ளும் விழும், பிறகு ஒன்றை விட்டு ஒன்றைத் திருத்த முடியாது என்பது உண்மையே. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு ஒன்றாகவே பதியுங்கள் என்றுதான் சொல்வேன். அப்படிப் பதியும்போது, கணினி முன் ஒருவர் இருப்பது விருப்பத்துக்கு உரியதாக இல்லாமல் கட்டாயமாகிவிடுகிறது.

நான்காவது வழி, மிக்ஸிங்கை வெளியில் கொடுப்பது. அறைக்குள் பதியும் தலைமுறைக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படும் அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம் 2019-இல் வெளியானது; அண்ணன் ஃபினியஸ் லாஸ் ஏஞ்சலஸில் குடும்ப வீட்டின் சிறிய படுக்கையறையில் அதைப் பதிந்தார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதை மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, மாஸ்டரிங் செய்தவர் ஜான் கிரீன்ஹாம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் செய்தி முழுமையாகும். பாட்டை உருவாக்கும்போது ஓராயிரம் முறை கேட்டவருக்கு அதில் கேட்காமல் போய்விட்டவை, புதிதாகக் கேட்பவருக்கு முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுகின்றன. ஐந்தாறு வாத்தியங்களும் கோரஸும் ரிதம் பேடும் உள்ள பாடலை, சுவர்கள் எதிரொலிக்கும் வீட்டு அறையில் உட்கார்ந்து சமன்படுத்துவதைவிட, முறையாக அமைக்கப்பட்ட அறையும் பழகிய காதும் உள்ளவரிடம் கொடுப்பதே மேல்.

ஆனால் நம் இசைக்கு இதில் தனியாக ஒரு எச்சரிக்கை தேவை. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம் தோடியில் அமைந்த பாடல் ஒன்றை மிக்ஸ் செய்யக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது ஒலி பளபளவென்று இருந்தது, தோடி மட்டும் இல்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். சுருதி திருத்தும் பிளக்இன்னோ, பியானோவின் பன்னிரண்டு கட்டைகளில் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் கொண்டுபோய்க் குரலை நிறுத்தப் பார்க்கிறது. மேற்கத்திய பாப் பாடல்களையே மிக்ஸ் செய்து பழகியவர், தவறென்று நினைக்காமலே அதைப் போட்டுவிடுகிறார். இசை நின்ற இடங்களில் இரைச்சலை அடக்கும் கேட், தம்புராவின் வால்பகுதியை வெட்டி, சங்கதிகளுக்கு நடுவே சுருதியே இல்லாத பள்ளங்களை உண்டாக்கியிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன்; நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது கோப்புகளோடு ஒரு பக்கக் குறிப்பும் அனுப்புகிறேன்: குரலில் சுருதித் திருத்தம் கூடாது, தம்புரா எந்த இடத்திலும் அறுபடக் கூடாது, பாடலின் சுருதி இது, வேகம் இது, நான் மனத்தில் வைத்திருக்கும் அளவுக்கு நானே செய்த தோராய மிக்ஸ் இது. எல்லா டிராக்குகளும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து தனித்தனி வேவ் கோப்புகளாக, எந்த விளைவும் சேர்க்காமல் போக வேண்டும். எத்தனை முறை திருத்தித் தருவார் என்பதையும் தொகையோடு சேர்த்து முன்கூட்டியே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

மாஸ்டரிங் பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. இணையத்தில் மட்டும் வெளியிடும் தனிப் பாடலுக்கு, ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி ஒலியளவின் அலகு) அளவுக்கு ஒலியைச் சமன்படுத்துகிறது என்பதை நினைவில் கொண்டு, உச்சம் மைனஸ் ஒரு டெசிபெல்லைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் அழுத்திச் சத்தமாக்கினாலும் அங்கே குறைத்துவிடுவார்கள். பாட்டின் ஏற்ற இறக்கம் போனதுதான் மிச்சமாகும். பல பாடல்களை ஒரு தொகுப்பாகக் கொண்டுவருவதாக இருந்தால் மட்டும் வெளியில் கொடுங்கள், ஏனென்றால் பாடலுக்குப் பாடல் ஒலியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குத் தனிக் காது வேண்டும்.

இவற்றில் எதைத் தேர்வது என்பது பாட்டையும் பாடுபவரையும் பொறுத்தது. தம்புராவும் குரலும் மட்டுமே உள்ள விருத்தம், பாசுரம், பதிகம் போன்றவற்றுக்கு மூன்றாவது வழியையும் இரண்டாவது வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன்: பதியும் இரவில் துணைக்கு ஒருவர், மீதியெல்லாம் நாட்களைப் பிரித்துத் தானே செய்வது. இரண்டு மூன்று டிராக்குகளை மிக்ஸ் செய்வதை ஆறு மாதத்தில் கற்றுவிடலாம், கமகத்தைப் பற்றி யாருக்கும் விளக்கம் எழுத வேண்டிய அவசியமும் வராது. வாத்தியங்கள் பல உள்ள பாடலென்றால் பதிவை வீட்டில் வைத்துக்கொண்டு மிக்ஸிங்கைக் கொடுத்துவிடுங்கள். ஒரு தெரு தள்ளிக்கூட அமைதி கிடைக்காத வீடு என்றால், குரலை மட்டும் இரண்டு மணி நேரம் வாடகை ஸ்டூடியோவில் பதிந்துகொண்டு, வெட்டி ஒட்டுவதை வீட்டில் செய்வது சிக்கனம். ஸ்டூடியோவின் மணிக்கணக்கில் எடிட்டிங்கை உட்கார்ந்து பார்ப்பதில்தான் பலருக்கும் காசு கரைகிறது. ஒரே அமர்வு முறை வேண்டவே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். மெட்டு மறந்துபோவதற்குள் பிடித்துவைக்கும் குறிப்புப் பதிவுக்கு அது ஏற்றது, அதற்குக் கைபேசியே போதும்.

சித்திரையில் தவறவிட்ட அந்த விருத்தத்தை ஆனியில் மீண்டும் பதிந்தோம். சார்ஜரைக் கழற்றி, விசிறியை நிறுத்தி, சன்னல் இடுக்கில் போர்வையைச் சொருகிவிட்டு, தங்கை ஒரு கையில் விசிறிமட்டையோடு கணினி முன் உட்கார்ந்தாள். ஒவ்வொரு முறையும் பாடத் தொடங்குவதற்கு முன் அவள் பக்கம் திரும்புவேன். ‘சிவப்பு இருக்கு அண்ணா’ என்பாள். அன்று ஆறு டேக். அவள் நோட்டில் மூன்றாவதற்கு எதிரே குறிப்பு எதுவும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டேன்; எழுத மறந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டதாகச் சொன்னாள். அந்த டேக்கைத்தான் எடுத்துவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில், விசிறியைப் போட்டுக்கொண்டு, மிக்ஸிங்கைத் தொடங்க வேண்டும்.